கர்னல்களைத் தொடாத கணக்கு

மே 3, செவ்வாய்

நாளை அக்னி நட்சத்திரம். கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ஏ.சி. மெஷினுக்காக, எனக்காக இல்லை.

பட்டாளத்தில் ஆள் குறைக்கும் கணக்கு எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறது. யாரை, எந்த வருடம் வீட்டுக்கு அனுப்பினால் செலவு குறையும்? வரப்போகிற வருடங்களை மெஷினுக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொறுப்பு பெரிய சார் (இனி பெ.சா.). வேலை எனக்கு. அதற்கு மெஷின் உருவாக்கும் தற்செயல் எண்களை எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று அவரிடம் கேட்டேன். ஒன்பதிலிருந்தாம். அவருடைய ராசி எண். இவர் டாக்டர் பட்டம் வேறு வாங்கியிருக்கிறார். போன மாதம் தன்னுடைய லீவையே மறுத்துக் கையெழுத்துப் போட்டவர். எதையும் படிப்பதில்லை.

மே 5, வியாழன்

முதல் விடை. மெஷினுக்கு மரியாதை தெரியவில்லை. கர்னல்கள் அதிகம், அவர்களைக் குறை என்கிறது. டெல்லியிலிருந்து வந்திருக்கும் கர்னலுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெ.சா. பதறிப்போய், அதிகாரிகளைத் தொடாதே என்று ஒரு நிபந்தனை அட்டை (மெஷின் படிக்கும் துளை அட்டை) சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

இரண்டாவது விடை: பென்ஷனுக்கு ஒரு வருடம் பாக்கி உள்ள சிப்பாய்களை அனுப்பு. அதுதான் மலிவு. கர்னல் சிரித்தார். பெ.சா. அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். தூ.

வாங்க: பிளேடு, மண்ணெண்ணெய், நன்னாரி சர்பத்.

மே 8, ஞாயிறு

உசிலம்பட்டி. பஸ்ஸில் ஆட்டோடு ஆடாக நின்றபடி. அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்திருக்கிறார். பட்டாள லாரி டிரைவர். பதினாலு வருட சர்வீஸ். பென்ஷனை நம்பிக் கிணறு வெட்டத் தொடங்கியாயிற்று. பாதிக் கிணறு.

கணக்குப் போடுவது நான்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"இன்னும் ஒரு வருசம் மாப்ள, அம்புட்டுத்தான். பாத்துப் போடுங்க."

பயமாக இருக்கிறது.

மே 10, செவ்வாய்

பென்ஷனை நெருங்கியவர்களையும் தொடக்கூடாது என்று ஒரு அட்டை சேர்க்கலாமா என்று பெ.சா.விடம் கேட்டேன்.

"அது கணக்கு இல்லப்பா, இரக்கம். மெஷினுக்கு இரக்கம் தெரியுமா?"

கர்னல்கள் விஷயத்தில் தெரிந்ததே. அறையலாம் போல இருந்தது.

அவர் காப்பிக்குப் போனதும் அட்டையைச் சேர்த்து ஓட்டினேன். தீர்வு இல்லை என்றது. அதிகாரிகள் அட்டையை உருவிவிட்டு ஓட்டினேன். உடனே வந்தது. மச்சான் தப்பித்தார். கர்னல்கள் காலி.

மே 11, புதன்

அனல். இரண்டு முறை கரண்ட் போனது. அறிக்கை பைண்டாகி வந்துவிட்டது. உள்ளே நேற்றைய விடை. கர்னலுக்கு ரயில் அவசரம். பெ.சா. அறிக்கையின் மேலட்டையை மட்டும் பார்த்தார்.

"என் பேரு மேல இருக்குல்ல?"

"மேலதான் இருக்கு சார்."

பேனாவைத் திறந்தார்.