ஒரே சஹனில் இரண்டு பேர்

டிசம்பர் 2, 2007, ஞாயிறு. பிஸ்கட்டவே.

என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் இருவர் மதியம் சாப்பிட வந்தார்கள். ஈதான் இஸ்ரேல்காரர், நபீல் பாலஸ்தீனக்காரர். அவர்கள் நாட்டுச் சண்டையைத் தீர்க்க இங்கே அமெரிக்காவில் மாநாடு நடந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

"ஒரே சஹன்ல உட்கார வச்சா சரியாயிடும்," என்றார் இவர். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளை அப்படித்தான் ஒரே பெரிய தட்டில் சேர்த்து உட்கார வைப்பார்கள்.

மரியாதைக்காக உட்கார்ந்தார்கள். இவர் சொன்னதும் கை குலுக்கினார்கள். ஆளுக்கொரு ஓரமாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். நடுவில் பிரியாணி சுவர் மாதிரி அப்படியே நின்றது. இவருக்கோ ஏகப் பூரிப்பு. மாநாடு நடத்தியவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்பியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நபீலின் கார்மேல் படிந்திருந்த பனியில் ஈதான் விரலால் நாட்டு எல்லை மாதிரி ஒரு கோடு இழுத்தார். நபீல் அதை அழித்து வேறு கோடு போட்டார். இருவரும் போட்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கையில் கிளவுஸ்கூட இல்லை. ஆனால் இருவரும் நகரவில்லை. முன்கண்ணாடியில் இடம் தீர்ந்ததும் பானட்டுக்குப் போனார்கள். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

இவர் பதறிப்போய் ஷூவைத் தேடினார். "நான் போய் சமாதானம் பண்ணிட்டு வரேன்."

"பேசாம இருங்க," என்றேன். "உங்களைப் பார்த்தா மறுபடியும் கை குலுக்கிடுவாங்க."