நாலாவது வாளி

டிலக்சி பிள்ளை,

புட்டு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. "சாமி இருக்கிற வீட்டிலை பியர் காய்ச்சிறியோ?" என்று நேற்று உன்னிடம் கத்தினது பிழை. குளியலறையின் ஹீட்டர் போட்ட சூடான தரையில் உன் பியர் வாளிகள் இருக்கட்டும்; அங்கே புளிக்க வைத்த தோசைமாவைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இலையுதிர்காலத்தில் டிவியில் மட்ச் பார்க்கேக்கை குடிக்க நீ தெரிந்தெடுத்த மூன்று வகைப் பியரோடு நாலாவதாக ஒன்றும் செய்வாயா? வெறி ஏறாமல் இருக்க, நொதிக்க வைக்கிற ஈஸ்ட் வேண்டாம். இஞ்சி, தேசிக்காய், சோடா போதும். உன் அண்ணன் கவிசன் குடியை விட்டு ஐந்து மாதம். போன ஞாயிறு எல்லாரும் போத்தலோடு இருக்க, அவன் வெறுங்கையோடு இருந்துவிட்டுப் பாதி மட்சில் எழும்பிப் போனான். அதே மாதிரிப் போத்தலில் ஊற்று; மாறிவிடாமல் மூடியில் சிவப்பு மை பூசு.

அப்பா

பி.கு: இனி நானும் உங்களோடு இருந்து மட்ச் பார்க்கிறேன். எனக்கும் அவன் குடிக்கிறதையே தா. அவன் தனியாகக் குடிக்க வேண்டாம்.