கல்யாண நாள் பரிசு

டுவைட்,

பெட்ரோல் பங்கில் என் பையைப் பறித்தவன் கையில் வெறும் கத்திதான் இருந்தது. நீ கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த துப்பாக்கி, பைக்குள் லிப்ஸ்டிக்கோடு கிடந்தது. இடுப்பில் மாட்டினால் கவுனுக்கு மேல் துருத்தும், பையிலேயே வை என்று சொன்னதும் நீதான்.

நீ வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி, "சுட்டியாடி?" பிறகு, "லைசென்ஸ் வாங்கி என்ன புண்ணியம்? வேடிக்கை பாத்துட்டு நின்னியா?" எனக்கு அடிபட்டதா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நேற்று ஹூஸ்டன் போலீஸ்காரர் வந்தார். மதுக்கடையில் கல்லாவில் நின்ற பெண்ணை எவனோ சுட்டுக் கொன்றுவிட்டானாம். "பிடிபட்ட துப்பாக்கி உங்களோடதாம்மா?" என்றார்.

"ஆமா சார். என் பாதுகாப்புக்கு வீட்டுக்காரர் வாங்கித் தந்தது" என்றேன்.

கத்தியோடு வந்தவனைத் துப்பாக்கியோடு அனுப்பிவைத்திருக்கிறோம், நாம் இரண்டு பேரும்.

அடிபடாத,
உன் மனைவி