மாஸ்கிங் தாளில் ஒரு புதன்கிழமை

வில்லாபுரம், மதுரை
6.2.2000

அன்புள்ள மாப்ள பேயாண்டிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை நீயாக எழுதுவாய் என்று பொங்கலிலிருந்து பார்க்கிறேன், எழுதுகிற மாதிரி தெரியவில்லை. ஐ.டி.ஐ.யில் என் நோட்டைப் பார்த்து எழுதியவன்தானே. சார்ஜாவில் பார்த்து எழுத ஆள் கிடைக்கவில்லை போல.

பட்டறைக்கு ஒரு விசித்திரமான வேலை வந்திருக்கிறது. ஒத்தக்கடை ரசிகர் மன்றத் தலைவர் வீரணன் அண்ணனுக்கு ஒரு போலீஸ் ஜீப் வேண்டுமாம். நாம் ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்த அந்தப் போலீஸ் படத்தில் கதாநாயகன் ஓட்டுகிற ஜீப், அச்சு அசலாக. அதன் இரண்டாம் பாகம் ஜூனில் வருகிறது. முதல் நாள் மாட்டுத்தாவணியிலிருந்து தியேட்டர் வரை ஊர்வலம் விடப்போகிறார்கள். ஏதாவது ஒரு ஜீப்பை மாற்றித் தருகிறேன் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. போலீஸ் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்ட இடத்துக்கே போய் ஒன்றை எடுத்து, கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்.

தரை முழுக்கத் துரு. பின் சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. படத்தின் கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவு எடுக்கிறேன். ஒரு காட்சியில் வெள்ளைப் பட்டை மூன்று விரல் அகலம், அடுத்த காட்சியில் நாலு விரல். படம் எடுத்தவர்களுக்கே தெரியாததை நான் எப்படிச் செய்வது? மேலே சுழல்கிற சிவப்பு விளக்கு இங்கே சரியானது கிடைக்கவில்லை. உன் பட்டறையில் பழையது இருந்தால் அனுப்பு.

போலீஸ் வண்டியில் கை வைக்கிறேன் என்று கோபப்படாதே. மேல்பூச்சுதான் போலீஸ், மற்றதெல்லாம் தகரம்.

உன் அம்மா வக்கீலைப் பார்க்க வந்தவர் இங்கேயும் வந்தார். முத்திருளன் கேஸ் ஜூலையில் மறுபடி விசாரணைக்கு வருகிறதாம். ஏழு வருடமாக போலீஸ் சொல்வது ஒன்றேதான்: உன் தம்பியை அவர்கள் பிடிக்கவே இல்லை, அவனாகக் கண்மாயில் விழுந்து செத்தான். நீ மார்கழியில் அவருக்கு அனுப்பிய கடிதத்தையே மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். புதுசாக ஒன்று எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

உன்
கிரிதரன்

*

சார்ஜா
24.2.2000

அன்பு மாப்ள கிரிதரனுக்கு,

உன் வசவு கிடைத்தது. எழுதாதது தப்புதான். இங்கே காலையில் வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்கும்போது கையைத் தூக்க முடிவதில்லை.

நம் பக்கத்து மருது அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். விளக்கை அவனிடம் கொடுத்திருக்கிறேன். சுழலும், ஆனால் கொஞ்சம் முனகும். எண்ணெய் போடு. அம்மாவுக்குத் தனிக் கடிதம் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது நான் இளைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிற வரியை விட்டுவிடு.

அது எந்த ஸ்டேஷன் வண்டி? ஏலம் எடுக்கும்போது சொல்லியிருப்பார்களே. சும்மாதான் கேட்கிறேன். எனக்கு இன்னும் ஜீப் சத்தம் ஆகாது.

உன் வீட்டுக்காரி சுந்தரவல்லியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பேயாண்டி

*

வில்லாபுரம்
20.3.2000

அன்புள்ள மாப்ள,

விளக்கு வந்தது. முனகல் நின்றுவிட்டது. நீ சொன்ன வரியையும் விட்டுவிட்டேன், ஆனாலும் உன் அம்மா, "இளைச்சிருப்பானே"ன்னு கேட்டுவிட்டார்.

கருநீலம் அடித்தாயிற்று. பட்டையை மூன்றரை விரலாக வைத்துப் பஞ்சாயத்தை முடித்தேன். இப்போது வண்டியைப் பார்த்தால் நானே சல்யூட் வைத்துவிடுவேன்.

ஒரு விஷயம். பின் சீட்டுக்கு அடியில் வண்டியின் லாக் புக் கிடந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிரைவர் எழுதுவது: தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், யார் போனது, அதிகாரி கையெழுத்து. அட்டையை எலி தின்றிருந்தது. நீளமான தாள், நல்ல தடிமன். பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியிலும் விளக்கிலும் படாமல் தாள் ஒட்டி மறைப்போமே, அந்த மாஸ்கிங்குக்குச் செய்தித்தாளைவிட அருமை. முழுப் புத்தகத்தையும் கிழித்து ஒட்டினேன். பெயிண்ட் காயும்வரை டீ குடித்துக்கொண்டு முன்கண்ணாடியில் இருந்ததை வாசித்தால், உன் ஊர்ப் பெயர். 93ஆம் வருடம். மாப்ள ஊரைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கேன் என்று சுந்தரவல்லியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கும் உறைத்தது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: வண்டி உங்கள் பக்கத்து ஸ்டேஷனில் ஓடியது.

மனதைக் குழப்பிக்கொள்ளாதே. உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன்
கிரிதரன்

*

சார்ஜா
3.4.2000

கிரி,

இதைத் தபாலில் போடவில்லை, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கையில் கிடைத்த நிமிடம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தத் தாள்களைத் தேடு. எரிக்காதே. யாருக்கும் கொடுக்காதே.

போலீஸ் கோர்ட்டில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? 1993 ஜூன் முதல் பாதி முழுக்க ஸ்டேஷன் ஜீப் கிளட்ச் போய் ஷெட்டில் நின்றதாம். லாக் புக் தொலைந்துவிட்டதாம். அந்தப் புத்தகம்தான் உன் பட்டறையில் கிடந்திருக்கிறது.

ஜூன் 9, புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி. சந்தை கேட்டிலிருந்து ஸ்டேஷன், பதினொரு கிலோமீட்டர், விசாரணைக்கு ஒரு ஆள். அந்த ஒரு வரி போதும். அது கிடைத்தால் வேறு யாரும் கோர்ட்டில் ஏறி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அந்தத் தாளே சொல்லிவிடும்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பேயாண்டி

*

வில்லாபுரம்
22.4.2000

அன்புள்ள பேயாண்டி,

எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

உரித்த தாள்களைப் பட்டறைக்குப் பின்னால் குவித்திருந்தோம். பாதியைக் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. அவனியாபுரம் குப்பைமேடு வரை போய்க் கிளறினேன், கிடைக்கவில்லை. மீதிக் குவியலில் பத்தொன்பது தாள். அதில் ஜூன் மாதத் தாள் இருந்தது மாப்ள. ஓரத்தில் 7, 8 என்று தேதி தெரிந்தது, அதற்குக் கீழே முழுக்கக் கருநீலம். என் கையால் அடித்த பெயிண்ட்.

பெயிண்டை எடுக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பஞ்சில் தின்னர் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். பெயிண்ட் கரைந்தது. முதல் வரி வெளியே வந்தது, "9.6.93" என்று கண்ணால் பார்த்தேன். அடுத்த வரிக்குப் போவதற்குள் அதுவும் நீலமாக ஓட ஆரம்பித்துவிட்டது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பேனா மையையும் கரைக்கும் என்று இருபது வருடம் பெயிண்ட் அடித்தவனுக்குத் தோன்றவில்லை. இப்போது அச்சடித்த கோடு மட்டும் இருக்கிறது. வக்கீலிடம் காட்டினேன், வெறும் தாள் என்கிறார். என்னைச் செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். முத்திருளன் ஜீப்பில் ஏறியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதும், கேஸ் நிற்கும். ஏழு வருடமாக அப்படி ஒரு ஆள் இல்லை என்கிறார்.

திருவிழா அடிதடியில் பெயர் சேர்த்துவிட்டார்கள் என்று முத்திருளன் ஒளிந்திருந்தான். எங்கே இருந்தான், எங்கே பிடித்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் உன் அம்மா சொல்கிறார். உனக்கு மூன்று மணி தெரிகிறது. சந்தை கேட் தெரிகிறது. ஒரு ஆள் என்று தெரிகிறது.

மாப்ள, நீ அங்கே இருந்தாயா?

கிரிதரன்

*

சார்ஜா
10.5.2000

கிரி,

இருந்தேன்.

எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு நல்ல விதமாகத்தான் பேசினார். உன் தம்பி வந்து ஒரு கையெழுத்து போட்டால் சாயங்காலம் அனுப்பிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைப்பேன் என்றார். நான் நம்பினேன். தம்பி ஒளிந்திருந்த தோப்புக்குப் போய், சந்தைக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று கூட்டி வந்தேன். அவன் ஜீப்பைப் பார்த்ததும் என்னைத்தான் பார்த்தான். "ஏறுடா, அண்ணன் பின்னாலயே வாரேன்"னு சொன்னேன். சொல்லி, தோளில் கை வைத்து ஏற்றிவிட்டேன்.

பின்னாலேயே சைக்கிளில் போனேன். ஸ்டேஷனில் அப்படி யாரையும் கொண்டு வரவில்லை என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் கண்மாயில் மிதந்தான். நாலாவது மாதம் நான் விமானம் ஏறிவிட்டேன். பிழைக்க வந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் ஓடி வந்தவன்.

கோர்ட்டில் ஏறினால் யார் கூட்டி வந்தது என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார். அதை என்னால் முடியாது கிரி. அந்தத் தாள் இருந்தால் நான் வாயைத் திறக்காமலே என் தம்பிக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு. அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

பேயாண்டி

*

வில்லாபுரம்
4.6.2000

அன்புள்ள மாப்ள,

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீ என்னைத் திட்டினாலும் சரி.

தபால்காரர் உன் கவரைக் கொடுத்தபோது உன் அம்மா பட்டறையில்தான் உட்கார்ந்திருந்தார். உன் தபால்தலை அவருக்குத் தெரியும். வழக்கம்போலத் தனக்கும் உள்ளே ஒன்று இருக்கும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிட்டார். நான் பிரித்து மனதுக்குள் வாசித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு சுந்தரவல்லி எங்கள் வீட்டு சௌராஷ்டிர மொழியில், அவருக்குப் புரியாதபடி, வாசிக்காதீர்கள் என்றாள். நானும் நீ நலம், வெயில் அதிகம், சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்று தோன்றியதை வாசித்தேன்.

உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு பக்கம் எழுதிருக்கான், நீ நாலு வரியில முடிச்சுட்ட"ன்னார்.

"அவன்தான் ஏத்திவிட்டான்னு எழுதிருக்கானா?"

மாப்ள, அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே தெரியும். சந்தையில் வெங்காயம் விற்ற ஒரு பொம்பளை பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். போலீசுக்குப் பயந்து அவள் கோர்ட்டுக்கு வர மறுத்துவிட்டாள், இப்போது உயிரோடும் இல்லை. நீயாகச் சொல்வாய் என்று ஏழு வருடம் காத்திருந்தாராம். ஒவ்வொரு கடிதத்தையும் என்னிடம் வாசிக்கக் கேட்டது நீ இளைத்தாயா பெருத்தாயா என்று தெரிந்துகொள்ள இல்லை. இதற்காகத்தான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவனை ஏமாத்திட்டாக, அதுக்கு நான் அவனைக் குத்தம் சொல்லல. வரச் சொல்லு. எந்திரிச்சு நின்னு, நான்தான் ஏத்திவிட்டேன், திருப்பித் தரலன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அவன் கையப் பிடிச்சு நானே வீட்டுக்குக் கூட்டிப் போறேன்."

இதற்கு மேல் உனக்கு எதைக் கண்டு பயம்? ஜூலை 17, திங்கட்கிழமை விசாரணை. வக்கீல் உன் பெயரைச் சாட்சியாகக் கொடுத்துவிட்டார். மாட்டுத்தாவணியில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். நான் கெடுத்த தாளுக்கு நான் செய்யக்கூடியது இதுதான்.

வா மாப்ள.

உன்
கிரிதரன்

*

வில்லாபுரம்
19.7.2000

பேயாண்டிக்கு,

சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை மாட்டுத்தாவணியில் நின்றேன். சென்னை பஸ், திருச்சி பஸ், திருவனந்தபுரம் பஸ் எல்லாம் பார்த்தேன். ஒரு போனாவது வரும் என்று சுந்தரவல்லி பக்கத்து எஸ்.டி.டி. பூத்தைவிட்டு நகரவில்லை.

கோர்ட்டில் உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உன் அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். போலீஸ் தரப்பு வக்கீல் சிரித்ததை நான் பார்த்தேன். சாட்சி இல்லை என்று பதினைந்து நிமிடத்தில் கேஸை முடித்துவிட்டார்கள். அந்த எஸ்.ஐ. இப்போது பெரிய அதிகாரி. எங்களைத் தாண்டித்தான் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கூட்டி வந்தேன். உன் அம்மா உள்ளே வரவில்லை. நேரே எங்கள் தெருக் குழாயடிக்குப் போனார். வரிசையில் நின்ற பெண்களிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். கட்டிய சேலையோடு நின்று தலையில் ஊற்றிக்கொண்டார். இன்னொரு குடம் கேட்டார், அதையும் ஊற்றிக்கொண்டார்.

தலை முழுகுவதைப் பார்த்ததும் எங்கள் தெருப் பெண்கள் பதறிப்போய், யார் தவறிட்டாக, மகனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். மூத்தவனா இளையவனா என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்கு இருந்தது ஒரே மகன்தான். அவன் செத்து ஏழு வருசம் ஆச்சு"ன்னு சொல்லிவிட்டு, ஈரத்தோடு பஸ் ஏறிப் போனார்.

கிரிதரன்