தோளில் மஞ்சளும் நெய்யும்

ஔந்த், புனே
27-9-1999

அன்பு மகன் வசந்தகுமாருக்கு,

அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை எஸ்தரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. டொராண்டோவில் இப்போதே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது என்று போனில் சொன்னாய், காதையும் மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் குளிர் ஏறும். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், எழுத்துக்கூட்டியாவது முழுதும் வாசி, பாதியில் மடித்து வைக்காதே, இதில் உன் கல்யாண சமாச்சாரம் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நிமிஷத்துக்கு நிமிஷம் அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஏப்ரலில் பாளையங்கோட்டை வேதமுத்து ஐயா தன் மகள் ஸ்டெல்லாவுக்கு உன்னைக் கேட்டு நம் வீட்டுக்கு வந்ததைப் போனில் சொன்னேனே, நீ லீவு முடிந்து ஏறிப்போன மறுவாரம். நல்ல மனிதர், நான் செய்த கீமாவை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அதெல்லாம் சரி, உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருன்னு சொல்லலையே என்றார். அப்பா புனேதான் என்றார். அவர் சிரித்துவிட்டு, அது வேலைக்கு வந்த ஊரு சார், நான் சொந்த ஊரைக் கேக்கேன் என்றார். ஊரைக் கேட்கிறவர்கள் ஊரை மட்டும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் உன் அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதர், அந்த ஒரு கேள்விக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஊர்ப் பேரோடு வந்து சொல்றேன் என்று வாக்கு வேறு கொடுத்துவிட்டார். அவரும் அதுவரை காத்திருக்கிறோம் என்று கிளம்பிப் போனார்.

உன் கொள்ளுத்தாத்தா ஆண்டனி எங்கிருந்து வந்தார் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாதே. புனே கேம்ப் பஜாரில் மூட்டை தூக்கினார், பட்டாளத்தோடு தெற்கேயிருந்து வந்த குடும்பத்தில் பெண் எடுத்தார், பிள்ளைகளைத் தமிழ் பேச வைத்தார், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. அவர் விட்டுப்போன சொத்து என்றால் ஒரே ஒரு வழக்கம். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று சாயங்காலம், கிண்ணத்தில் மஞ்சளையும் நெய்யையும் குழைத்து வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இரண்டு தோளிலும் தேய்த்துவிடுவது. உனக்கு முதல் சம்பளம் வந்த வருஷம் நீ நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாயே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மஞ்சள் கறையைச் சட்டையிலிருந்து எடுக்க நான் போட்ட சோப்புக்குக் கணக்கே கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழாவும் அதே நாள் என்பதால் இது ஏதோ மாதாவுக்கு நேர்ந்துகொண்டது, ஆக தாத்தா நாகப்பட்டினம் பக்கத்துக்காரர் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நானும்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் மே மாத வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார் அப்பா. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, சுற்றுப்பட்ட கிராமம் எல்லாம் அலைந்தோம். ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர், ஆண்டனியா, நல்லாத் தெரியுமே, எங்க தெருதான் என்றார், அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த பிறகு நான் மெல்ல, அவருக்கு ஒரு கால் ஊனமாமே என்று இல்லாததைக் கேட்டேன், ஆமாமா, இடது காலு என்றார். போதும் வாங்க என்று கூட்டிக்கொண்டு வந்தேன். லாட்ஜ் மேனேஜரிடம் தோளில் தேய்க்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்கப் போய், அவருக்குப் புரியவில்லை என்று அவர் தோளைப் பிடித்தே செய்து காட்டினார் உன் அப்பா. அந்த மனுஷன் ரொம்ப மரியாதையாக, மசாஜ் வேணும்னா பின்னாடி தெருவில ஒரு வைத்தியர் இருக்கார் சார் என்றார். நான் சிரித்த சிரிப்பில் அப்பா என்னோடு புனே வரைக்கும் பேசவில்லை.

இனி கேள். இந்த மாதம் எட்டாம் தேதி, எஸ்தர் ரஞ்சன்காவ் ஃபேக்டரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது டயர் பஞ்சர் ஆகிவிட்டது. எல்லோரும் இறங்கி நின்றார்களாம். பக்கத்தில் ஓடையில் குளிப்பாட்டி நிறுத்தியிருந்த இரண்டு காளைமாட்டுக்கு ஒரு விவசாயி, தட்டில் மஞ்சளும் நெய்யும் வைத்துக்கொண்டு, தோளில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே அப்பாவோட கை மாதிரிம்மா, கட்டைவிரலை வெச்சு மேலேருந்து கீழே, என்று வந்து சொன்னாள். மராட்டியில் விசாரித்திருக்கிறாள். மறுநாள் போளாவாம், மாட்டுப் பண்டிகை. வருஷம் முழுக்க நுகத்தடி சுமந்த தோள் அல்லவா, அதனால் முதல் நாள் சாயங்காலம் மஞ்சளும் நெய்யும், மறுநாள் நுகம் வைக்காமல் பூரண்போளி. எங்கள் பக்கத்தில் பரம்பரையாகச் செய்கிறோம் மகளே என்றாராம் அவர்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா கிண்ணத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, தேய்த்துவிட நீயும் ஊரில் இல்லாததால், தன் தோளுக்குத் தானே தேய்க்க முடியாமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் சொல்லச் சொல்ல கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாளே கட்கியில் இருக்கும் அவருடைய அத்தையிடம் ஓடினோம், ஆண்டனி தாத்தாவின் கடைசி மகள் அல்லவா. அத்தை யோசித்து யோசித்து, எங்கப்பா மூட்டை எண்ணும்போது மராட்டியில ஏக், தோன், தீன்னுதான் எண்ணுவாரு, பஜார் பழக்கம்னு நெனைச்சேன் என்றது. அம்மா வீட்டு ஆளுங்க தெற்கே போறப்பல்லாம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுட்டுத் திரும்பிடுவாரு, ஒரு தடவைகூட ரயில் ஏறினதில்ல என்றது. பிறகென்ன, தாத்தா எஸ்தரின் பஸ் நின்ற அந்த நகர் ரோட்டுப் பக்கம் ஏதோ கிராமத்துப் பிள்ளை. மாடில்லை, நிலமில்லை, தானே மாடாகச் சுமந்திருக்கிறார். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அந்த ஒரு சாயங்காலத்தை விட மனசில்லாமல், கிட்டத்தில் வந்த மாதா நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எந்தக் கிராமம் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. இத்தனை வருஷமாக நம்மை மதராசி மதராசி என்று கூப்பிட்ட காய்கறிக்காரனிடம் அப்பா போய், மீ இத்லாச், நான் இந்த ஊர்க்காரன்தான் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அவன் சிரித்துக்கொண்டே கொத்தமல்லி கொசுறு போட்டான்.

எனக்கோ கவலை வேறு. பாளையங்கோட்டைக்காரரிடம் போய் எங்கள் தாத்தா தமிழரே இல்லை, ஊரும் தெரியாது என்றால் இந்தச் சம்பந்தம் நிற்குமா. உனக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளுடைய போட்டோவைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்லி முடிச்சிடுங்க, யார் போய்ப் பார்க்கப் போறா என்றேன். இல்லாத ஊரைச் சொல்லிப் பொண்ணு எடுக்க மாட்டேன் அந்தோணியம்மா, தாத்தா சுமந்தது போதும் என்றார் அப்பா. எஸ்டிடி போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மஞ்சள், நெய், மாடு எல்லாம். வேதமுத்து ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் போனைப் பார்த்தபடிதான் சப்பாத்தி தேய்த்தேன்.

நேற்று பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. ஸ்டெல்லாவே பேசினாள். அப்பாவிடம், மாமா, எங்கப்பாவுக்கு ஊர் தெரியணும், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், அந்த மஞ்சளும் நெய்யும் உங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு மட்டுந்தானா என்று கேட்டிருக்கிறாள். அப்பா தடுமாறி, இதுவரைக்கும் அப்படித்தாம்மா என்றார். நானும் தினம் பஸ்ஸேறி பேங்க் வேலைக்குப் போறேன், அங்க வந்தாலும் போவேன், என் தோளுக்கு உண்டா என்றாளாம். அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உண்டும்மா, கண்டிப்பா உண்டு என்றார். அப்புறம் வேதமுத்து ஐயா வாங்கி, எம்மக முடிவு பண்ணிட்டா, இனி நான் என்ன ஊரக் கேக்க, நவம்பர்ல வாங்க, நிச்சயம் பண்ணிருவோம் என்றார்.

போனை வைத்துவிட்டு அப்பா எழுந்தார். அடுக்களைக்குப் போனார், டப்பாவெல்லாம் உருட்டும் சத்தம் கேட்டது, கிண்ணத்தோடு வந்தார். உட்காரு என்றார். நாள்தான் போயிடுச்சே என்றேன். உனக்கு நாள் தவறிப்போய் எத்தனையோ வருஷமாச்சு, உட்காரு என்றார். உட்கார்ந்தேன். அவர் கைக்கு இன்னும் அந்தப் பலம் இருக்கிறது வசந்த், தோள் வலி எனக்கு இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான், பயப்படாதே. எஸ்தருக்கும் தேய்த்தார். இன்று அவருடைய சட்டையோடு என் நைட்டியையும் ஊறவைத்திருக்கிறேன், கறை போகவில்லை.

ஸ்டெல்லாவுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. இங்கிலீஷில் எழுதினால் போதும், உன் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மனம் மாறிவிடக் கூடாது. வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. அப்பாவின் ஆசீர்வாதமும் எஸ்தரின் அன்பும் இதோடு வருகின்றன, மாதா உன் போக்கிலும் வரத்திலும் துணை இருக்கட்டும். அடுத்த மாதம் அங்கே வரும் உன் சிநேகிதனிடம் மஞ்சள்தூள் பொட்டலம் கொடுத்துவிடுகிறேன், நெய் நீ வாங்கிக்கொள். வருகிற செப்டம்பரில் அவள் உன்னோடு இருப்பாள். முதலில் அவள் தோளுக்கு, பிறகு உனக்கு, மறக்காதே.

மஞ்சள் கையோடு எழுதும் உன் அம்மா,
அந்தோணியம்மாள் இருதயராஜ்