மேற்கு அறையின் காப்பிக் கலர் கண்ணாடி

9 மார்ச் 1998, திங்கள்

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பள்ளி லேப்பில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

காலை ஏழரைக்கு நான் வேலைக்குக் கிளம்பிக் கேட்டைத் திறக்கிறேன், இவர் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். செங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு. கல்யாணமான இரண்டு வருடத்தில் நானும் விமலனும் முகம் பார்த்துக்கொண்டது கேட் வாசலில்தான் அதிகம். இவர் கண் இரண்டும் கோவைப்பழம்.

"நேத்து பகல்ல தூங்கினீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

பொய் சொன்னால் இவர் மூக்கைத் தேய்ப்பார். தேய்த்தார்.

11 மார்ச், புதன்

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு கடிதம். பிரஸ் மெஷின் முன்னால் தூங்கி விழுந்தாராம். எச்சரிக்கை. இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை.

வேலை போனால் போகட்டும். விரல்? அந்த மெஷின் தகரத்தையே அப்பளமாக்கும்! கேட்டால் சிரிக்கிறார். எனக்குக் கோபம் வந்தால் சாம்பாரில் உப்பு கூடிவிடும். இன்று கூடியது. ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார், பாவி மனுஷன்.

14 மார்ச், சனி

அரைநாள் வேலை. ஒன்றரைக்கு வந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். சமையலறைச் சிமெண்டுத் தரையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்.

"ஏங்க இங்க படுத்திருக்கீங்க?"

"முதுகு வலிதான். தரை நல்லது." மறுபடியும் மூக்கு.

படுக்கையறைக்குள் போய் நின்றேன். இட்லிப் பானைக்குள் நின்ற மாதிரி இருந்தது. பகலில் நான் வீட்டில் இருப்பதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?

மேற்குப் பார்த்த அறை. தை மாதம் இந்த டாமான் குடியிருப்புக்கு வந்தபோது காந்தன் அண்ணன்தான் அதற்கு சன்னல் மாற்றினார். தெங்கேராவில் அலுமினியக் கடை வைத்திருக்கிறார். பட்டை பட்டையாகத் திறக்கும் பழைய நாக்கோ சன்னலைக் கழற்றிவிட்டு, காப்பிக் கலர் கண்ணாடி போட்ட தள்ளு சன்னல். பிறந்த வீட்டுச் சீர். "ஏர்கண்டிஷனே வேணாம் தங்கச்சி! கண்ணாடியே வெயில தடுத்துரும்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்மா அப்பா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான்.

"கழற்றிரலாங்க," என்றேன்.

"சீரா வந்ததக் கழற்றினா மச்சான் மனசு என்னாகும்? நீ சும்மா இரு புனிதா."

அப்போ இதுக்காகத்தான் ரெண்டு மாசமா... எனக்கு அழுகை வந்துவிட்டது. போய்த் துணி துவைத்தேன்.

20 மார்ச், வெள்ளி

டீச்சரிடம் சொல்லிவிட்டு லேப்பிலிருந்து இரண்டு தெர்மோமீட்டர் கொண்டுவந்தேன். ஐஸ் தண்ணீரில் ஒன்றாக முக்கினேன். இரண்டும் பூஜ்யம் காட்டின. நல்லது. ஆறு வருடமாகப் பிள்ளைகளின் பரிசோதனைக்குச் சாமான் எடுத்து வைக்கிறேன். இது என் பரிசோதனை.

21 மார்ச், சனி

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவின் வீடு எங்கள் வீட்டின் அச்சு. அதே மேற்கு அறை, ஆனால் நாக்கோ சன்னல். அங்கே ஒன்று, இங்கே ஒன்று மாட்டினேன்.

மூன்று மணி: எங்கள் அறை 36. அக்கா அறை முப்பத்து மூன்றரை.
நான்கு மணி: 37. அக்கா அறை 34.

கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அறை இருட்டாக இருப்பதைக் குளுமை என்று நினைத்துவிட்டோம். வெயிலைக் குடித்த கண்ணாடி அந்தச் சூட்டை உள்ளேதான் விடுகிறது. தள்ளு சன்னல் பாதிதான் திறக்கும், நாக்கோ முழுக்கத் திறக்கும். வந்த சூடு வெளியே போக அக்கா வீட்டில் வழி இருக்கிறது.

"ஊசி போடுற டாக்டர் மாதிரி எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் ஓடுற!" என்று அக்கா சிரிக்கிறார்.

22 மார்ச், ஞாயிறு

தெர்மோமீட்டர்களை இடம் மாற்றி மாட்டினேன். அதே கதை.

நம் வீட்டுப் பின்னறையையும் பார்த்தேன். கிழக்குப் பக்கம், நாக்கோ சன்னல், சாமி அறை. 35! ஐயோ, இதுவுமா என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், காமாட்சி விளக்குக்கு நேர்மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். மண்டு. லேப் உதவியாளராம்! எதிர்ச் சுவரில் மாட்டி அரைமணி கழித்துப் பார்த்தால் 32.

இருக்கிற ஒரே குளுமையான அறையில் சாமி மட்டும் சுகமாக இருக்கிறார்.

3 ஏப்ரல், வெள்ளி

"பின்னறையில படுங்களேன்."

"சாமி முன்னால காலை நீட்டித் தூங்கறதா? எங்கம்மா இருந்தா விளக்குமாத்த எடுத்திருப்பாங்க."

முடியவே முடியாதாம். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டுகிறது. இதில் அண்ணன் வேறு போன் செய்தார். சித்திரை பிறந்ததும் பின்னறைக்கும் அதே சன்னல் போட்டுத் தருவாராம். "சரிண்ணே" என்றேன். என் வாயில் அடிக்க வேண்டும்.

9 ஏப்ரல், வியாழன்

காலையில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது தடுமாறினார். பிடித்துக்கொண்டேன். வேலைக்குப் போகவே மனமில்லை. முருகா, அந்தக் கை இரண்டையும் பார்த்துக்கொள்.

12 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டுக்காகச் சாமி படங்களை எல்லாம் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. சாமி அறையில் மனுஷன் படுக்கக் கூடாது, சரி. சாமி அறையை மாற்றக் கூடாது என்று யார் சொன்னது? சித்திரை முதல் நாள் இடம் மாற்றினால் யார் என்ன கேட்பார்கள்?

14 ஏப்ரல், செவ்வாய்

லீவு போட்டேன். கட்டில் பின்னறைக்குப் போனது. சாமி மேற்கு அறைக்கு வந்தார், அண்ணன் சன்னலுக்குக் கீழேயே, கிழக்குப் பார்த்து.

"சாமிக்கு வேர்க்காதா?" என்றார் இவர்.

"தினமும் பன்னீர் தெளிக்கிறேன். உங்களுக்குத் தெளிக்க முடியாது. போய்ப் படுங்க."

17 ஏப்ரல், வெள்ளி

கண்ணில் சிவப்பு குறைந்திருக்கிறது.

19 ஏப்ரல், ஞாயிறு

மதியம் இரண்டரைக்கு அண்ணன் பைக்கில் வந்தார், பின்னறை சன்னலுக்கு அளவெடுக்க. "தங்கச்சீ!" என்று ஆரம்பித்தார். உள்ளே இவர் தூங்குகிறாரே! அண்ணன் வாயைப் பொத்தாத குறைதான்.

மேற்கு அறையில் சாமி, பின்னறையில் மாப்பிள்ளை. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "என் சன்னல் பிடிக்கலியா? நேரா சொல்லியிருக்கலாமே." சூட்டை எழுதிவைத்த தாளை நீட்டினேன். வாங்கவில்லை. விறுவிறுவென்று சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபித்துக்கொண்டு சாமியிடம் முறையிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ளயா மாப்ள படுத்திருந்தாரு?" அண்ணனுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"மூணு மாசம்."

"ஒரு வார்த்தை சொல்லலியே, புனி."

"நீங்க சீரா கொடுத்ததாம்."

அண்ணன் பின்னறை வாசலில் போய் நின்றார். இவர் வாயைத் திறந்துகொண்டு, கையிரண்டையும் விரித்துப்போட்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். பிரஸ் மெஷினில் வேலை செய்யும் அந்தக் கைகளையே அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு எடுக்கவில்லை. எழுப்பட்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று.

அப்புறம் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த பைக்கை, அந்தக் கொளுத்தும் வெயிலில், சந்தி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் ஸ்டார்ட் செய்தார்.