வலது ஓரம் மங்கல்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மழை இல்லை. லென்ஸ் பார்க்கக் காரிமங்கலம். தர்மபுரியில் பஸ் மாறி, சந்தைக் கூட்டத்தில் நின்றபடியே பயணம். காலடியில் யாருடைய கோழியோ.

விற்கிறவர் பெயர் மாதையன், இனி மா. முப்பது வருடம் கல்யாண ஃபோட்டோ எடுத்தவராம். முதுகு வலி, இனிமேல் முடியாது, தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்கிறார். முதுகு வலிக்கிற ஆள் குனிந்து தக்காளி பறிப்பாரா?

எழுதி எடுத்துப் போன பட்டியல்:
டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை உண்டா.
காதோரம் வைத்துக் குலுக்கு.
வளையம் நெருடுகிறதா.
ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.
சிரித்துப் பேசினால் இன்னொரு தடவை பார்.

எங்கள் கேமரா, ஸ்டுடியோவில் கூட்டாளியான சேவியர் அண்ணனிடம், ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறது. அதனால் மா.வின் கேமராவிலேயே லென்ஸை மாட்டி, சுவரில் பேப்பர் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். நான்கு மூலையும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஆறு வருடப் பழசு, ஒரு கீறல் இல்லை. அதுதான் உறுத்துகிறது. மா.வின் சம்சாரம் கமலா சொம்புத் தண்ணீரோடு நின்று பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்றார்.

வாங்கிவிட்டேன். சீரியல் நம்பரைக் குறிக்கவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம்.

ஜூன் 5, வியாழன்

கேமரா திரும்பி வந்தது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் நான்கு பேர்.

மதியம் ஸ்டுடியோச் சுவரில் பேப்பர் ஒட்டி, டேப் வைத்து அளந்து, புது லென்ஸில் எடுத்தேன். இடது பக்கம் கத்தி மாதிரி. வலது பக்கம் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை. ஸ்டாண்டை நகர்த்தி மறுபடி. அதே. ஏழு தடவை. அதே.

அங்கே நன்றாக இருந்தது இங்கே எப்படி இல்லாமல் போகும்? நான் தண்ணீர் குடித்தபோது மா. லென்ஸை உள்ளே கொண்டுபோய்ப் பையில் போட்டு வந்தார். அறைக்குள் இருந்தது எத்தனை லென்ஸ்?

ஜூன் 8, ஞாயிறு

கோவிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். வேறு வழியில்லை, வெளிச்சம் குறைவு, இந்த லென்ஸ்தான். பழைய ஜூம் லென்ஸ் அந்த இருட்டில் உதவாது. பன்னிரண்டு பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் ஒரே வரிசையில், வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுவர்த்தி.

சாயங்காலம் படங்களை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு அம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். கூலி வேலைக்குப் போகிறவர். மகள் வரிசையில் வலது கடைசி. ஃபோனை நீட்டினார்.

"எல்லாப் புள்ளைங்க மூஞ்சியும் தெரியுதுங்க. எங்க புள்ளைது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று தெரியும். உடுப்பு வாடகைக்கு எடுத்தது, அதனால் ஓரத்தில் நிறுத்திவிட்டேன் என்று. உயரப்படி நிறுத்தியது சிஸ்டர். சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. தனியாக உட்கார வைத்து எடுத்துத் தருகிறேன் என்றேன். உடுப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதாம்.

மா. மேல் வந்த கோபம் இதுவரை யார் மேலும் வந்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காரிமங்கலம். பஸ் முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை.

போனபோது இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், மா.வின் கேமராவை வாங்க வந்தவர். பேச்சு முடிகிற நேரம். நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. வாசலிலேயே நின்று, காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்றா என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் படத்தையும் காட்டினேன். பாலக்கோட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மா. குரலை உயர்த்தவில்லை. "லென்ஸு அதேதாங்க. வேற கேமராவுல போட்டுப் பாருங்க. அப்பவும் இப்படியே வந்தா கொண்டாங்க, எடுத்துக்கறேன்."

தட்டிக்கழிக்கிற பேச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முன்பே பாலக்கோட்டுக்காரர் செருப்பை மாட்டிவிட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று. கேமராவைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் திருப்தியாக இருந்தது. ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்ட மாதிரி. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

காலை பஸ்ஸில் சேலம். வெயில். ரிப்பேர் செய்கிறவர் மாடியில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறார். லென்ஸைத் திருத்த முடியுமா, இல்லை இது கோளாறு என்று ஒரு வார்த்தை எழுதித் தருவாரா என்று கேட்கத்தான் போனேன். எழுதிக் கொடுத்தால் மா. முகத்தில் காட்டலாம்.

அவர் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார். எதிர்ச் சுவர் செங்கலை ஒரு படம். எல்லா மூலையும் சுத்தம். பிறகு என் கேமராவில் தன்னுடைய லென்ஸை மாட்டி அதே சுவர். வலது ஓரம் மங்கல்.

லென்ஸ் உட்காருகிற வளையத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் மயிரிழை வெளிச்சம். "லென்ஸு நல்ல லென்ஸுங்க. உங்க கேமராவுலதான் மவுன்ட் சாஞ்சிருக்கு. கீழ விழுந்துச்சுங்களா?"

இல்லை என்றேன்.

பழைய ஜூமில் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். வெளிச்சத்தில் லென்ஸின் வாயைச் சுருக்கி எடுத்தால் தெரியாது, இது முழுசாகத் திறக்கிற லென்ஸ், காட்டிக்கொடுத்துவிட்டது என்றார். திருத்தலாம், ஆனால் உள்ளேயும் நசுங்கியிருக்கிறது, நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

விழுந்தது. ஏப்ரலில், தீர்த்தமலைக் கல்யாணத்தில். ஸ்டாண்டின் கால் வழுக்கி, கல்படியில் முகம் குப்புற. அண்ணன் அன்று வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. துடைத்தேன், ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், நன்றாக வந்தது. கேமரா எனக்கும் அண்ணனுக்கும் பொது. சொன்னால் ஒரு மாதம் சொல்லிக்காட்டுவார் என்று சொல்லவில்லை. அப்படியே மறந்தும் போனேன். மறக்கவில்லை, நினைக்கவில்லை.

மா. எதையோ மறைக்கிறார் என்று பத்து நாளாக எழுதியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி காரிமங்கலம். மா. வீட்டை ஒட்டிய தோட்டத்தில் இருந்தார். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றபடி ஆள்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். குனியவில்லை.

சொன்னேன். லென்ஸில் குறை இல்லை, என் கேமராதான், அது விழுந்தது, நான் போட்டதுதான். வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மா. ஆள்களை வேலையைப் பார்க்கச் சொன்னார். பிறகு, "விழுந்துச்சான்னு அன்னைக்கே கேக்கலாம்னு இருந்தங்க. உங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

கமலா வீட்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்தார். "அந்த பாலக்கோட்டாரு இந்நேரம் பத்து பேருகிட்ட சொல்லியிருப்பாரு. நீங்க எத்தினி பேருகிட்டப் போயிச் சொல்லுவீங்க?"

பாலக்கோட்டுக்காரர் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் தரவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூன் 18, புதன்

நல்ல காற்று. ஸ்டுடியோ போர்டு ஒரு பக்கம் ஆடுகிறது, கம்பி கட்ட வேண்டும்.

பாலக்கோட்டுக்காரருக்கு ஃபோன். முழுவதும் கேட்டுக்கொண்டார். அவர் உங்களைப் பேசச் சொன்னாரா என்றார். இல்லை என்றேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்றார். சேலத்தில் எடுத்த இரண்டு படங்களையும் அனுப்புகிறேன் என்றேன். படத்தை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், எனக்கும் அதுதான் தொழில் என்றார்.

கடைசியில், "அவ்ளோ நல்ல கேமராவா இருந்தா நீங்களே வாங்கிக்கலாமுங்களே?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. நமக்கும் ஒன்று வேண்டும்தான்.

வாங்க வேண்டுமென்றால் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

சொன்னேன். தீர்த்தமலையிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"வேற என்னென்ன சொல்லாம வெச்சிருக்க?"

ஒன்றும் இல்லை என்றேன். சேலத்துக்காரரிடம் 'இல்லை' சொன்ன அதே குரல். எனக்கே கேட்டது.

கேமராவை வாங்குவது பற்றி மா.விடம் தான் பேசுவதாகச் சொன்னார். நான் கூட வரலாம், பேசக் கூடாது.

ஜூன் 20, வெள்ளி

மேகமூட்டம். இருவரும் காரிமங்கலம்.

அண்ணனும் மா.வும் அரை மணி நேரம் பேசினார்கள், பாதி தக்காளி விலை. அண்ணன் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மா. கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தது நான்தான், கையை நீட்டினேன். என்னைத் தாண்டி அண்ணன் கையில் கொடுத்தார். வேண்டுமென்றே செய்த மாதிரி தெரியவில்லை. தெரியாது.

கமலா காப்பி கொடுத்தார். எனக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பை அண்ணன் மடியில். மொரப்பூர்ப் பக்கம் அவருக்குத் தூக்கம் வந்தது, தலை ஆடியது. பையைக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்."